கேட்சைத் தவறவிட்டது யார்?

டர்பனின் தெற்குப் பகுதியில் வெளிவரும் வட்டார வார இதழ் ஒன்றில் மூன்று ஆண்டுகளாக விளையாட்டுச் செய்திகள் எழுதிவரும் 27 வயது இளைஞர் ஒருவர் எனக்கு அனுப்பிய நீண்ட கடிதத்தைச் சுருக்கி, அடையாளங்களை நீக்கி, முதலில் தருகிறேன்.

"மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், 16 வயதுக்கு உட்பட்ட பள்ளி அணிகளின் கிரிக்கெட் இறுதி ஆட்டத்தைப் பார்க்கச் சாட்ஸ்வொர்த்துக்குப் போயிருந்தேன். ஆட்டம் முடியச் சில பந்துகளே இருந்தபோது விக்கெட் கீப்பர் மிக எளிய கேட்ச் ஒன்றைத் தவறவிட்டார். வெற்றியும் அதோடு போயிற்று. எல்லைக்கோட்டருகே நின்றபடியே கைப்பேசியில் படமெடுத்து, பையனின் பெயரையும் பள்ளியின் பெயரையும் சேர்த்து, 'இவனுக்குக் கையுறை எதற்கு? கோவில் உண்டியலைக் கொண்டுவந்து நிறுத்துங்கள், போடுவதையாவது அது உள்ளே வாங்கிக்கொள்ளும்' என்று என் எக்ஸ் கணக்கில் எழுதினேன். நான் பெயர் போட்ட பையன் விரலில் அடிபட்டு வெளியே உட்கார்ந்திருந்தான் என்பதும், கையுறை அணிந்து நின்றது வேறொரு பையன் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. மாலையில் பையனின் தாயார் என் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, என் படத்தோடும் பத்திரிகையின் பெயரோடும் முகநூலில் போட்டார். இரண்டே நாளில் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் அது சுற்றியது. நான் மாணவனாக இருந்தபோது பெண்கள் கால்பந்தாட்டத்தைக் கேலி செய்து எழுதிய பழைய பதிவுகளையும் யாரோ தோண்டி எடுத்துவிட்டார்கள். காலை உடைப்பேன் என்று ஒருவர் எழுதினார். நான் குடியிருக்கும் தெருவின் பெயரை இன்னொருவர் போட்டார். இந்தத் துறையில் நான் பெரிதும் மதித்த மூத்த செய்தியாளர் ஒருவரும் என்னைக் கிண்டல் செய்து எழுதினார். பதிவை அழித்து, கணக்கைப் பூட்டிவிட்டேன். ஆசிரியர் 'பேசாமல் இரு' என்று மட்டும் சொல்லியிருக்கிறார். புரட்டாசிச் சனிக்கிழமைக்குக் கோவிலுக்குப் போன என் ஆயாவிடமே இதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நான் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? பழைய பதிவுகளை அழிக்கலாமா? என்னைத் திட்டியவர்கள் மேல் வழக்குப் போட முடியுமா? என் வேலை வாழ்க்கை முடிந்துவிட்டதா? வரும் சனிக்கிழமை அதே பள்ளிக்கு இன்னோர் ஆட்டம் இருக்கிறது, போகலாமா?"

அன்புள்ள தம்பி,

தமிழ் வாசிக்க வரும், எழுத வராது என்று சொல்லி, ஆங்கிலத்தில் எழுதியதற்காக என்னிடம் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். நேட்டாலில் பிறந்து வளர்ந்த நம்மில் பாதிப் பேரின் நிலை அதுதான். அதற்கு மன்னிப்பு எதுவும் தேவையில்லை. மன்னிப்பைச் செலவழிக்க வேண்டிய இடம் வேறொன்று இருக்கிறது.

உங்கள் முழுக் கடிதம் நான்கு பக்கம். அதில் உங்களுடைய பெயர், உங்களுடைய வேலை, உங்களுடைய தூக்கம், உங்களைத் திட்டியவர்களின் சொற்கள் என எல்லாம் விரிவாக இருக்கின்றன. அந்தப் பையன் முதல் பக்கத்தோடு காணாமல் போய்விடுகிறான். இதை உங்களைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. நாலு பேர் பார்க்க அவமானப்பட்டவருக்குத் தம் காயத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது என்பதை, 30 ஆண்டுகள் விளையாட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எனக்கே நேர்ந்தும் இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்ட ஐந்து கேள்விகளுக்கும் விடை தேடத் தொடங்க வேண்டிய இடம் அந்தப் பையன்தான். நீங்கள் செய்த தவறு ஒன்று, கூட்டம் உங்களுக்குச் செய்த தவறு இன்னொன்று. இரண்டையும் ஒன்றோடொன்று கழித்துக் கணக்கை நேர்செய்ய முடியாது. முதலாவதை முழுவதும் தீர்த்த பிறகுதான் இரண்டாவதைப் பற்றிப் பேச உங்களுக்கு வாய் இருக்கும்.

முதலில் தொழில் தவறைப் பார்ப்போம். தவறவிட்ட கேட்ச் ஸ்கோர் புத்தகத்தில் ஏறுவதில்லை. ஓட்டம் ஏறும், விக்கெட் ஏறும், உதிரி ஓட்டங்கள் ஏறும்; நழுவிய கேட்ச் எவருடைய கணக்கிலும் எழுதப்படுவதில்லை. ஆகவே அதைப் பற்றிய செய்தி முழுக்க முழுக்கச் செய்தியாளரின் கண்ணை மட்டுமே நம்பி நிற்பது; அப்படிப்பட்ட செய்திக்குத்தான் சரிபார்ப்பு இரண்டு மடங்கு வேண்டும். தொலைக்காட்சி ஆட்டத்தில் மீள்காட்சி உண்டு, முதுகில் பெயர் உண்டு, வருணனையாளர் பெயரைச் சொல்லிவிடுவார். பள்ளி ஆட்டத்தில் இவை எதுவும் கிடையாது. மூன்று பையன்கள் ஒரே தலைக்கவசத்தை மாற்றி மாற்றி அணிவார்கள், மாற்று ஆட்டக்காரர் உள்ளே வருவதை யாரும் ஒலிபெருக்கியில் அறிவிப்பதில்லை. காலையில் கொடுத்த அணிப் பட்டியல் காலைக்கு மட்டும்தான் உண்மை. நான் இந்த வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் மூத்த உதவி ஆசிரியர் ஒருவர், ஸ்கோர் எழுதும் பையன் உட்கார்ந்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் இடம் பிடிக்காதவன் ஆட்டத்துக்கே போகவில்லை என்று பொருள் என்பார். அந்த மேசை நீங்கள் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் இருந்திருக்கும்? ஐம்பது அடி எடுத்து வைத்து, "இப்போது கீப்பிங் யார், தம்பி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கடிதமே எனக்கு வந்திருக்காது.

ஆனால் சரியான பையனின் பெயரைப் போட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நீங்கள் நினைப்பது போல் உங்கள் கடிதத்தின் நடை இருக்கிறது. "ஆளை மாற்றிவிட்டேன், அதுதான் பிழை" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இல்லை, தம்பி. ஆளை மாற்றியது இரண்டாவது பிழை. பதினைந்து வயதுப் பையன் ஒருவனை, படத்தோடும் பெயரோடும் பள்ளியோடும், ஊர் சிரிக்கும்படி நிறுத்தியது முதல் பிழை. நம் நாட்டு அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, 18 வயது நிரம்பாத எவரும் குழந்தையே என்றும், குழந்தையைப் பற்றிய ஒவ்வொரு விஷயத்திலும் அக்குழந்தையின் நலனே தலையாயது என்றும் சொல்கிறது. தென்னாப்பிரிக்கப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறையும், குழந்தைகளைப் பற்றி எழுதும்போது தனிக் கவனம் வேண்டும் என்றும், குழந்தைக்கு எவ்வகையிலேனும் தீங்கு நேரக்கூடும் என்றால் பொறுப்பான பெரியவரின் சம்மதமும் பொதுநலனும் இல்லாமல் அடையாளம் காட்டக் கூடாது என்றும் விதிக்கிறது. நழுவிய கேட்ச் ஒன்றில் என்ன பொதுநலன் இருந்தது?

நம் ஊர் விளையாட்டு எழுத்துக்கு ஒரு பரம்பரை உண்டு. அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1963ஆம் ஆண்டு டர்பன் கண்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பன் கோல்ஃப் பட்டத்தை வென்றவர், பாப்வா என்று நாம் அன்போடு அழைக்கும் செவ்சங்கர் செவ்கோலம். அதற்கு முன்பே இரண்டு முறை டச்சு ஓப்பனை வென்றிருந்தவர் அவர். இந்தியர் என்பதால் கிளப் கட்டடத்துக்குள் விடாமல், மழையில் வெளியே நிறுத்தி அவருக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள். அந்தப் படம் உலகமெங்கும் போயிற்று. அதைப் பார்த்து அவமானப்பட்டவர்கள் கூரைக்குக் கீழே நின்றவர்கள். அவமானப்படுத்துவது பத்திரிகையாளரின் கையில் உள்ள ஓர் ஆயுதம்தான், அதை நான் மறுக்கவே மாட்டேன். அதிகாரம் உள்ளவரின் பக்கம் அதைத் திருப்பினால் அதற்கு வேலை உண்டு. பணத்தைக் கையாண்ட நிர்வாகியை, ஆட்டத்தை விற்ற தலைவரை, மைதானத்தைப் பூட்டி வைத்த அதிகாரியைப் பெயர் சொல்லி எழுதுங்கள். தூக்கம் கெட்டால் அவர்களுக்குக் கெடட்டும். கையுறை அணிந்த பையனின் பக்கம் அதைத் திருப்பிய நீங்கள், மழையில் நின்றவரின் பக்கத்திலா, கூரைக்குக் கீழே நின்றவர்களின் பக்கத்திலா என்று யோசித்துப் பாருங்கள்.

"என் சொந்தக் கருத்து, பத்திரிகைக்குத் தொடர்பில்லை என்று கணக்கின் முகப்பிலேயே எழுதியிருக்கிறேன்" என்கிறீர்கள். அதே முகப்பில் பத்திரிகையின் பெயரும் விளையாட்டுச் செய்தியாளர் என்ற பட்டமும் இருக்கின்றன அல்லவா? பத்திரிகைச் சீட்டைக் காட்டி உள்ளே போய், பத்திரிகை நேரத்தில் நின்று எழுதியதைச் சொந்தக் கருத்து என்று எவரும் ஏற்கமாட்டார்கள். கருத்துச் சொல்லும் உரிமைக்கு நெறிமுறையில் பாதுகாப்பு இருப்பது உண்மை. ஆனால் அந்தப் பாதுகாப்பு, அடிப்படையில் உண்மையான தகவல்களின் மேல் நின்று சொன்ன கருத்துக்கு மட்டுமே உரியது. அடித்தளமே தவறாக இருக்கும்போது மேலே கட்டிய கருத்து எவ்வளவு நகைச்சுவையாக இருந்தாலும் நிற்காது.

இனி மன்னிப்பைப் பற்றி. உங்கள் முதல் கேள்வி "எல்லோரிடமும்" என்று தொடங்குகிறது. எல்லோரிடமும் வேண்டாம். பார்த்துச் சிரித்த ஆயிரம் பேருக்கும், பிறகு உங்களைத் திட்டிய ஆயிரம் பேருக்கும் நீங்கள் கடன்பட்டவர் அல்லர். அவர்களில் பலர் இரண்டு வேலையையும் ஒரே நாளில் செய்தவர்கள். நீங்கள் கடன்பட்டது நான்கு இடத்தில்: பெயர் கெட்ட பையன், அவன் பெற்றோர், பெயர் தெரியாமல் தப்பிய இன்னொரு பையன், அவர்களின் பள்ளி. இணையத்தில் ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் பள்ளி முதல்வரையோ பயிற்சியாளரையோ தொலைபேசியில் அழைத்து, பெற்றோரைச் சந்திக்க விரும்புவதாகச் சொல்லுங்கள். அவர்கள் வர வேண்டாம் என்றால் போகாதீர்கள். வீட்டு வாசலில் போய் நிற்பது மன்னிப்பு ஆகாது, அது இன்னொரு தொல்லை. அப்போது ஒரு கடிதம் எழுதி முதல்வர் மூலம் கொடுத்தனுப்புங்கள். சந்திப்பைப் படமெடுக்காதீர்கள். கை குலுக்கும் படத்தைப் போட்டுத் தம்மைக் காப்பாற்றிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தையை இரண்டாவது முறையும் பயன்படுத்திக்கொண்டது தவிர அதில் வேறொன்றும் இல்லை.

பொதுவில் வெளியிட வேண்டிய திருத்தம் இதைவிடக் கடினமானது. இங்கேதான் அனுபவம் உள்ளவர்களே வழுக்கி விழுகிறார்கள். பத்திரிகைத் திருத்தத்துக்கு வழக்கமான ஒரு வாய்பாடு உண்டு: "இன்னார் என்று வெளியானது தவறு, அவர் இன்னார் என்று திருத்திப் படிக்கவும்." எண்பதுகளிலிருந்து நான் அப்படி எத்தனையோ எழுதியிருக்கிறேன். உங்கள் விஷயத்தில் அந்த வாய்பாட்டைப் பின்பற்றினால் என்ன ஆகும்? ஒரு பையனின் தலையிலிருந்து இறக்கிய சுமையை இன்னொரு பையனின் தலையில் ஏற்றுவீர்கள். அவனுக்கும் பதினைந்து வயதுதான். உங்களைத் திட்டிய அதே கூட்டம் அவன் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். கேட்சைத் தவறவிட்டது யார் என்ற கேள்விக்கு நீங்கள் இனி எந்த இடத்திலும், தனிப்பேச்சில்கூட, விடை சொல்லக் கூடாது. முதல் பையனின் பெயரைத் திருத்தத்தில் மீண்டும் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு அன்று. அவன் பெற்றோரைக் கேளுங்கள். பெயரைத் துலக்கமாகச் சொல்லி விடுவித்தால் நல்லது என்று சில பெற்றோர் நினைப்பார்கள். இனி அந்தப் பெயரே எங்கும் வர வேண்டாம் என்று சிலர் நினைப்பார்கள். அவர்கள் சொல்வது எதுவோ அதுவே சரி.

நீங்கள் வாசகம் கேட்டதால், பெயர் வேண்டாம் என்று பெற்றோர் சொன்னால் எழுதத்தக்க ஒன்றைத் தருகிறேன்: "பள்ளி அணிகளின் இறுதி ஆட்டத்தின்போது மாணவர் ஒருவரைப் பெயரும் படமும் போட்டுக் கேலி செய்து எழுதினேன். அவரைப் பற்றி நான் எழுதிய தகவல் தவறு. அதைச் சரிபார்க்காமல் எழுதினேன். தகவல் சரியாகவே இருந்திருந்தாலும் ஒரு பள்ளி மாணவரை அப்படி எழுதியிருக்கக் கூடாது. அவரிடமும் குடும்பத்தாரிடமும் பள்ளியிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தப் பதிவை நீக்கிவிட்டேன். வைத்திருப்பவர்கள் மாணவர்களின் நலன் கருதி மேலும் பகிராமல் இருக்க வேண்டுகிறேன்." இவ்வளவு போதும். "யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால்" என்று எழுதாதீர்கள். புண்பட்டது உறுதி, அதில் 'இருந்தால்' என்பதற்கு இடமில்லை. நகைச்சுவைக்காக எழுதினேன், அன்று வெயில் அதிகம், நான் நல்லவன் என்று என் நண்பர்களுக்குத் தெரியும் என்பவை எல்லாம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அவை மன்னிப்பின் பகுதி அல்ல. கோவில் உண்டியலை இழுத்ததால் சிலர் வேறு வகையில் வருந்தியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குத் தனி மன்னிப்பு எழுதி விஷயத்தைத் திசைதிருப்ப வேண்டாம் என்பது என் எண்ணம். முருகன் தன்னைப் பார்த்துக்கொள்வான்.

பதிவைப் பேச்சில்லாமல் அழித்துக் கணக்கைப் பூட்டியது பற்றி ஒரு சொல். குழந்தையின் படம் இருந்ததால் அழித்தது சரி. சொல்லாமல் அழித்தது சரியன்று, ஏனென்றால் சொல்லாமல் அழித்தவரைப் பார்ப்பவர்கள் ஒளித்தவராகவே எடுத்துக்கொள்கிறார்கள். திருத்தத்தை வெளியிடும் அன்று பூட்டைத் திறங்கள். அதே கணக்கில், முகப்பின் மேலேயே நிற்கும்படி, ஒரு மாதம் இருக்கட்டும். அழித்த பதிவின் நகல் ஒன்றை நீங்களும் பாதுகாத்து வையுங்கள். பின்னால் விசாரணை என்று வந்தால் நீங்கள் எழுதியது எது, பிறர் ஒட்டியது எது என்று காட்ட அது தேவைப்படும்.

உங்கள் ஆசிரியர் "பேசாமல் இரு" என்று சொன்னது எனக்குப் புரிகிறது, ஆனால் ஒப்புதல் இல்லை. அவர் அமைதியை எதிர்பார்க்கிறார். கிடைக்கப் போவது புகார் கடிதம். உங்கள் இதழ் பத்திரிகை மன்றத்தில் உறுப்பினராக இருந்தால், வெளியான நாளிலிருந்து 20 வேலை நாட்களுக்குள் பெற்றோர் பத்திரிகைக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம், கட்டணம் கிடையாது. தவறான தகவலைத் தாமதமின்றி, தகுந்த இடத்தில், எடுப்பாகத் திருத்த வேண்டும் என்பதும் அந்த நெறிமுறைதான். குறைதீர்ப்பாளர் சொன்ன பிறகு திருத்துவதைவிட முன்னாலேயே தானாகத் திருத்துவது உங்களுக்கும் நல்லது, இதழுக்கும் நல்லது என்று எழுத்திலேயே ஆசிரியருக்குச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிய வாசகத்தை வெளியிடுவதற்கு முன் அவரிடம் காட்டுங்கள், ஆனால் பள்ளியிடம் மன்னிப்புக் கேட்பதற்கு அவர் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒழுங்கு நடவடிக்கை வந்தால் உங்கள் தரப்பைச் சொல்லவும், சக ஊழியர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் நிலையான ஊழியராக இருந்து, முறையில்லாமல் நீக்கப்பட்டால் 30 நாட்களுக்குள் தொழில் தகராறுகளுக்கான சமரச ஆணையத்துக்குப் போகலாம். அந்த நிலை வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் கதை ஒன்றையும் சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கால்பந்து ஆட்டமொன்றில் நடுவரை அடித்து வெளியேற்றப்பட்டவர் என்று வேறொருவர் பெயரை அச்சில் ஏற்றிவிட்டேன். ஒரே குடும்பப் பெயர், வெவ்வேறு ஆட்கள். மறுநாள் காலை அந்த மனிதர் செய்தித்தாளைச் சுருட்டிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். கத்தவில்லை. தாம் அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பதாகவும், முதலாளி அந்தச் செய்தித்தாளைத்தான் வாங்குவதாகவும் சொன்னார். நாங்கள் நான்காம் நாள், உள்பக்கத்தில், மூன்று வரி போட்டோம். அவர் வேலை என்னவாயிற்று என்று நான் விசாரிக்கவே இல்லை. விசாரிக்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது. அன்று என்னைக் கேலி செய்ய முகநூல் இல்லை. செய்தித்தாள் இரண்டாம் நாள் சந்தையில் மீன் கட்டப் போய்விடும். உங்கள் தலைமுறைக்கு அந்த வசதி இல்லை. ஆனால் தவறு செய்தவரின் வசதிக்கு அப்பால், பாதிக்கப்பட்டவரின் பக்கத்திலிருந்து பார்த்தால், அந்தத் தாயார் தம் மகனுக்காகச் செய்ததை அன்று அந்த மனிதருக்காகச் செய்ய எவரும் இருக்கவில்லை.

ஆகவே அந்தத் தாயார் மேல் வழக்கு என்ற எண்ணத்தை இன்றே விடுங்கள். அவர் போட்டது நீங்கள் எழுதியது. அது உண்மை, அதைச் சொல்ல அவருக்குக் காரணமும் இருந்தது. வழக்கு என்று வந்தால் எதிர்வாதியாக நிற்க வேண்டியவர் நீங்கள்தான். 2013இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம், ஒரு பெண்ணைப் பற்றி முகநூலில் இன்னொருவர் எழுதிய அவதூறுகளில் தம் பெயர் இணைக்கப்பட்டிருப்பது தெரிந்தும் அதை விலக்கிக்கொள்ளாதவரையும் பொறுப்பாளியாக்கி, எழுதியவரோடு சேர்த்து 40,000 ராண்ட் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இணையத்தில் போட்டதற்குச் சட்டம் இல்லை என்று நினைப்பவர்களுக்கு இது போதும்.

திட்டுகளைத் திட்டுகளாகவே விடுங்கள், எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். ஆனால் மிரட்டல் வேறு. காலை உடைப்பேன் என்று எழுதியதையும் தெருவின் பெயரைப் போட்டதையும், நாள், நேரம், கணக்கின் பெயர் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காவல் நிலையத்தில் பதிவு செய்யுங்கள். 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள இணையக் குற்றச் சட்டத்தின்படி, வன்முறை செய்வேன் என்று மிரட்டும் செய்தியை அனுப்புவது குற்றம். தொல்லை தொடர்ந்தால், 2011ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அனுப்புபவர் யாரென்று தெரியாவிட்டால், விவரம் தரும்படி சேவை நிறுவனத்துக்கு நீதிமன்றமே உத்தரவிட முடியும். இதையெல்லாம் பொதுவில் அறிவிக்க வேண்டாம். மன்னிப்புக் கேட்ட கையோடு "என்னையும் மிரட்டுகிறார்கள்" என்று எழுதினால் முன்னது பின்னதற்கு முகவுரை போல் ஆகிவிடும்.

பழைய பதிவுகள் விஷயத்தில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2016இல் மாணவனாக எழுதியவை, இப்போதைய உங்களை வைத்து அளக்கக் கூடாதவை என்பது ஓரளவு நியாயம். 2021இல் இங்கிலாந்தின் ஓலி ராபின்சன் லார்ட்ஸ் மைதானத்தில் தம் முதல் டெஸ்ட் ஆடிய அன்றே, பதின்ம வயதில் அவர் எழுதிய பழைய ட்விட்டர் பதிவுகள் மேலே வந்தன; முதல் நாள் ஆட்டம் முடிந்த உடனேயே கேமரா முன் நின்று மன்னிப்புக் கேட்டார். ஆனால் அவர் பந்து வீசுபவர், நீங்கள் எழுதுபவர். உங்கள் பழைய எழுத்து உங்கள் தொழிலின் பதிவேடு. நீங்கள் கேலி செய்த அதே பன்யானா பன்யானா, நம் நாட்டுப் பெண்கள் கால்பந்து அணிதான், 2022இல் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது. 2023 உலகக் கோப்பையில் தெம்பி கட்லானா 90 நிமிடம் முடிந்து சேர்க்கப்பட்ட நிமிடங்களில் அடித்த கோலால் இத்தாலியை 3-2 என்று வென்று அடுத்த சுற்றுக்குப் போனது. இந்த மூன்று ஆண்டுகளில் பெண்கள் ஆட்டத்தைப் பற்றி உங்கள் இதழில் எத்தனை செய்தி எழுதினீர்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? அந்த எண்ணிக்கை குறைவாக இருந்தால் பழைய பதிவு பழையதாகிவிடவில்லை. அவற்றை அழியுங்கள், அழித்ததை ஒரே வரியில் சொல்லுங்கள். பிறகு அந்த ஆட்டங்களுக்குப் போங்கள்.

உங்களைக் கிண்டல் செய்த மூத்தவர் செய்தது எனக்கும் பிடிக்கவில்லை. ஒரு துண்டைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பெழுதும் ஆசை நம் தொழிலில் இருப்பவர்களுக்கே அதிகம். 2018 மே மாதம் சூப்பர்ஸ்போர்ட் தொலைக்காட்சியின் ரக்பி நேரலையில் முன்னாள் ரக்பி வீரர் அஷ்வின் வில்லம்சே, சக விமர்சகர்கள் நிக் மாலெட்டும் நாஸ் போத்தாவும் உடனிருக்க, தம்மைத் தாழ்த்துகிறார்கள் என்று சொல்லி எழுந்து வெளியேறினார். அந்தச் சில நிமிடக் காட்சியை வைத்து நாடு முழுவதும் இரண்டாகப் பிரிந்தது. வழக்கறிஞர் வின்சென்ட் மலேக்கா நடத்திய விசாரணை, உடனிருந்த இருவர் நடத்தையில் இனவெறி இல்லை என்று பின்னர் சொன்னபோது, அதைப் படித்தவர்கள் காட்சியைப் பார்த்தவர்களில் பத்தில் ஒரு பங்காவது இருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே. நிற்க. உங்கள் மூத்தவருக்குப் பதில் எழுதாதீர்கள். ஒருநாள் அவருக்கும் இப்படி நேரும், அன்றும் எழுதாதீர்கள்.

வேலை வாழ்க்கை முடிந்ததா என்கிறீர்கள். 2006 ஆகஸ்டில் கொழும்பில் நடந்த டெஸ்டில், விளம்பர இடைவேளை என்று நினைத்துக்கொண்டு, நம் ஊர்க்காரரான ஹாஷிம் ஆம்லாவைப் 'பயங்கரவாதி' என்று சொன்னார் வருணனையாளர் டீன் ஜோன்ஸ். நம் நாட்டில் ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. வீடுகளில் எல்லோரும் கேட்டார்கள். மன்னிப்புக் கேட்டார், ஆனால் வேலை உடனே போயிற்று. பின்னர் அவர் மீண்டும் வருணனைக்கு வந்தார். 2020இல் மும்பையில் இறந்தபோதும் வருணனைப் பணிக்காகத்தான் அங்கே இருந்தார். ஆனால் அஞ்சலிக் கட்டுரைகளில் அந்தச் சொல் ஒரு வரியாக வந்தது. உங்களுக்கும் அப்படித்தான்: வேலை இருக்கும், வரியும் இருக்கும். இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 2022இல் இந்திய விக்கெட் கீப்பர் ரித்திமான் சாஹா, பேட்டி தராததற்காக மூத்த செய்தியாளர் ஒருவர் அனுப்பிய மிரட்டல் தொனிச் செய்திகளின் ஸ்கிரீன்ஷாட்டை ட்விட்டரில் போட்டார், பெயரைச் சொல்லவில்லை. அந்தச் செய்தியாளரோ, செய்திகள் திருத்தப்பட்டவை என்று வாதாடினார். இந்தியக் கிரிக்கெட் வாரியம் குழு அமைத்து விசாரித்து, இரண்டு ஆண்டுகள் அவருக்கு மைதான அனுமதியும் பேட்டியும் இல்லை என்று தடை விதித்தது. முதலாமவர் தவறை ஒப்புக்கொண்டார், இரண்டாமவர் மறுத்தார். எது எப்படிப் போயிற்று என்று நீங்களே பாருங்கள்.

ஆயாவைப் பற்றி நீங்கள் எழுதிய இடம் என்னைத் தொட்டது. அவரிடம் முழு விஷயத்தையும், உண்டியல் வரி உட்பட, நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள். கோவிலில் யாரோ காட்டிய கைப்பேசியிலிருந்து அவர் தெரிந்துகொண்டது அரைகுறையாக இருக்கும், அது முழு விஷயத்தைவிட மோசமாகக்கூட இருக்கலாம். அடுத்த வாரம் கோவிலுக்கு அவரோடு நீங்களும் போவதென்றால் போங்கள். அந்தத் தாயாரும் அங்கே வருபவர் என்று எழுதியிருப்பதால், எதிர்ப்பட்டால் கும்பிட்டு ஒதுங்குங்கள், பேச்சை அவர் தொடங்கட்டும்.

வரும் சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போவது பற்றிப் பயிற்சியாளரிடம் முன்னதாகவே கேளுங்கள். வேண்டாம் என்றால் ஆசிரியரிடம் சொல்லி வேறொருவரை அனுப்பச் செய்யுங்கள்; வரலாம் என்றால் ஆட்டம் தொடங்க அரை மணி முன்னால் போய், ஸ்கோர் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். கைப்பேசி பையிலேயே இருக்கட்டும். அந்த இரண்டு பையன்களில் எவரேனும் நன்றாக ஆடினால், எந்தப் பையனுக்கும் எழுதும் அளவுக்கே எழுதுங்கள். கைம்மாறாக ஒரு வரிகூடக் கூட்டிப் புகழ வேண்டாம்.

அன்புடன்.